மழை விட்டாலும் ஆபத்து விடுவதில்லை

செந்தூல், கோம்பாக் ஆற்றுக்கும் பத்து ஆற்றுக்கும் அருகே அமைந்த பகுதி. இரயில் பட்டறையில் வேலை செய்ய வந்த தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் இடம். இங்குள்ள தரை வீடுகளில் நாய்களும் அடுக்குமாடி வீடுகளில் பூனைகளும் குடும்பத்தில் ஒருவராகவே வளர்கின்றன. பசித்தால் குரல் கொடுக்கும் இப்பிராணிகளுக்கு, உடலில் நோய் இருப்பதைச் சொல்லத் தெரியாது. அதனை உணர்ந்து செயல்படுவது வளர்ப்பவரின் கடமை.

நம் நாட்டில் குளிர்காலமோ இலையுதிர்காலமோ இல்லை. ஆயினும், வானிலை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் வேளையில் இடியுடன் கூடிய கனமழை பெய்யும். கால்வாய்கள் நிரம்பித் திடீர் வெள்ளம் ஏற்படும். வெள்ளம் வடிந்ததும் ஆபத்து நீங்கிவிட்டது எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், கண்ணுக்குத் தெரியாத ஆபத்து அதன் பிறகும் தொடர்கிறது.

அவ்வாபத்துகளுள் முதன்மையானது எலிக்காய்ச்சல். இந்நோயை உண்டாக்கும் கிருமி எலியின் சிறுநீரில் வெளியேறி, தேங்கிய நீரிலும் ஈரமண்ணிலும் பல வாரங்கள் உயிர்வாழக்கூடியது. அந்நீரில் நடக்கும் அல்லது அதனைக் குடிக்கும் நாயின் உடலுக்குள் காயம், வாய், கண் வழியாகக் கிருமி நுழைகிறது. சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்குகிறது. காய்ச்சல், வாந்தி, உணவில் நாட்டமின்மை, கண்ணும் ஈறும் மஞ்சளாதல் ஆகியவை இதன் அறிகுறிகள். நோயுற்ற நாயின் சிறுநீர் வழியாக இந்நோய் மனிதருக்கும் பரவலாம். மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு முதல், மனிதருக்கு இந்நோய் கண்டால் மருத்துவர்கள் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது கட்டாயம். எனவே, நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது வீட்டிலுள்ளோரையும் காக்கும் செயலாகும். வெள்ள நீரில் நனைந்த பிராணியைக் கையுறை அணிந்து தூய நீரால் கழுவித் துடைக்க வேண்டும்; அதன் உணவுத் தட்டை இரவில் வெளியே விட்டு எலிகளை வரவழைக்கக் கூடாது.

வெள்ளம் வரும்போதும் முன்னேற்பாடு தேவை. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவை வெள்ளம் சூழ்ந்தபோது, மக்களோடு பிராணிகளும் வீடுகளில் சிக்கிக்கொண்டன. சங்கிலியால் கட்டப்பட்ட நாயும் கூண்டில் அடைக்கப்பட்ட பூனையும் நீந்தித் தப்ப இயலாது. ஆகவே, நீர் உயரும் முன்பே அவற்றை அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டு செல்ல வேண்டும். தூக்கிச் செல்லும் கூடை, மூன்று நாள் உணவு, தடுப்பூசி அட்டை ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்திருப்பது நலம்.

வெயில் காலத்தின் சிக்கல் வேறு. நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. அது மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணிக்கிறது. ஆகையால், நிறுத்திவைத்த காரில் சிறிது நேரம் விட்டாலும் அதன் உயிருக்கு ஆபத்து நேரலாம். 2015, 2019-ஆம் ஆண்டுகளில் வந்ததுபோன்ற புகைமூட்டத்தின்போது, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் நடைப்பயிற்சியைத் தவிர்த்துப் பிராணிகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். தீபாவளிப் பட்டாசுச் சத்தத்திற்கு அஞ்சி ஓடும் பிராணிகளுக்கும் மூடிய அறையே பாதுகாப்பு.

பிராணிக்கு உடல்நலம் குன்றினால், நாம் உண்ணும் மருந்தைக் கொடுப்பது பெருந்தவறு. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறிக்கலாம். கால்நடை மருத்துவரை நாடுவதே முறை.

நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், விலங்கை வதைப்போருக்கு 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ விதிக்க வழிசெய்கிறது. எனினும், சட்டத்திற்கு அஞ்சிக் காட்டும் அக்கறையைவிட அன்பால் காட்டும் அக்கறையே மேலானது. வெள்ளம் வருமுன் அணை போடுவோம். வாயில்லா உயிர்களையும் காப்போம்.

சிந்தனை வினாக்கள்
1. வெள்ளம் வடிந்த பிறகும் ஆபத்து தொடர்வதற்குக் காரணம் என்ன?
2. நாய்க்குத் தடுப்பூசி போடுவது குடும்பத்தினரையும் எவ்வாறு காக்கிறது?
3. உம் குடியிருப்பில் திடீர் வெள்ளம் ஏற்பட்டால் செல்லப்பிராணியைக் காக்க நீர் மேற்கொள்ளும் நடவடிக்கைகளை விளக்குக.