மலையடிவாரத்தில் ஓராண்டு

வேலூர்ப் பக்கத்திலிருந்து திருப்பதி யாத்திரை செல்லும் அன்பர்கள் பலர் சித்தூரைத் தாண்டி, புத்தலப்பட்டு வழியாகச் செல்கின்றனர். அங்கிருந்தே மனம் ஏழுமலையை நோக்கி விரையத் தொடங்கிவிடுகிறது. மலையேறித் தரிசனம் செய்து, அன்றோ மறுநாளோ ஊர் திரும்பிவிடுகிறோம். இதே திருப்பதியில், மலைமேல் அல்லாமல் அடிவாரத்தில், ஓராண்டுக் காலம் தங்கியிருந்தார் ஸ்ரீராமானுஜர். தரிசனத்திற்காக மட்டும் அவர் தங்கவில்லை. மாணவராக அமர்ந்து பாடம் கேட்பதற்காகத் தங்கினார். அந்த ஓராண்டு நிறைவுற்று அவர் விடைபெற்றபோது நடந்தவை, ஆன்மீக சாதகர்கள் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கவை. வைணவ குருபரம்பரை நூல்கள் அவற்றைப் போற்றிப் பாதுகாத்து வந்துள்ளன.

குருவும் மாணவரும்

ஸ்ரீராமானுஜரின் காலம் 1017 முதல் 1137 வரை என்பது மரபு. அவருக்கு ஆசாரியர்களாக அமைந்த ஐவருள் பெரிய திருமலை நம்பியும் ஒருவர். ஆளவந்தாரின் சீடரான இவர், ராமானுஜருக்குத் தாய்மாமன். திருவேங்கடமுடையானுக்குத் தீர்த்தம் சுமந்து தொண்டு செய்து வந்தவர்.

திருமலையை ஆதிசேஷனின் வடிவமாகவே கண்ட ராமானுஜர், அதன்மீது நெடுநாள் தங்க மனம் துணியவில்லை. ஆகவே அவர் அடிவாரத்தில் தங்க, முதியவரான நம்பி நாள்தோறும் மலையிலிருந்து இறங்கிவந்து ஸ்ரீராமாயணத்தின் உட்பொருளை உபதேசித்தார். பாடம் முடிந்து மலையேறுவதற்குள் உச்சிப்பொழுது வழிபாடு முடிந்துவிடும். அந்தத் தரிசனம் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் நம்பிக்கு இருந்தது. எனினும் பாடத்தை அவர் நிறுத்தவில்லை. கற்பிப்பதும் கைங்கரியமே என்பதை இதைவிடத் தெளிவாக யார் உணர்த்த முடியும்?

விடைபெறும் வேளை

நம்பியின் அருகிலேயே இருந்து அவருக்குப் பணிவிடை செய்துவந்தவர் கோவிந்தர். இவர் ராமானுஜரின் சிற்றன்னை மகன், நம்பிக்கு மருமகன். முன்பு காளஹஸ்தியில் சிவவழிபாட்டில் ஈடுபட்டிருந்த இவரைத் திருமலைக்கு அழைத்துவந்து ஆட்கொண்டவர் நம்பியே. ஒருநாள் குருவுக்கு விரித்த படுக்கையில் கோவிந்தர் தாமே முதலில் படுத்துப் பார்ப்பதை ராமானுஜர் கண்டார். குருவின் படுக்கையில் படுத்தால் நரகம் அல்லவா என்று நம்பி கேட்டபோது, தமக்கு நரகம் வாய்த்தாலும் வாய்க்கட்டும், தம் குருவின் உடலில் எதுவும் உறுத்தாமல் இருந்தால் போதும் என்றார் கோவிந்தர். அந்த விடை ராமானுஜரின் உள்ளத்தில் பதிந்தது.

ஓராண்டு நிறைவுற்றது. ராமாயண பாடமும் முற்றுப்பெற்றது. ஊர் திரும்ப விடைகேட்ட ராமானுஜருக்கு ஏதேனும் அளிக்க விரும்பினார் நம்பி. ராமானுஜர் பொருள் எதுவும் கேட்கவில்லை, கோவிந்தரைக் கேட்டார். நம்பி சற்றும் தயங்காமல் தாரை வார்த்துக் கோவிந்தரைக் கொடுத்துவிட்டார்.

மூடிய கதவு

இருவரும் புறப்பட்டுக் காஞ்சியை அடைந்தனர். குருவைப் பிரிந்த ஏக்கத்தால் கோவிந்தரின் முகம் வாடியது, உடல் மெலிந்தது. இதைக் கண்டு இரங்கிய ராமானுஜர், ஒருமுறை குருவைத் தரிசித்து வருமாறு அவரைத் திருப்பி அனுப்பினார். நெடுவழி நடந்து நம்பியின் வாயிலில் வந்து நின்றார் கோவிந்தர். கதவு திறக்கவில்லை. பசியோடு நிற்பவனை அழைத்து ஒருவேளை உணவாவது தரக்கூடாதா என்று நம்பியின் மனைவியார் வேண்டினார். விற்றுவிட்ட பசுவுக்கு விற்றவர் புல் இடுவதில்லை என்பதே நம்பியின் மறுமொழி. உண்ணாமலே திரும்பினார் கோவிந்தர்.

இது கொடுமை அல்லவா என்று நம் மனம் கேட்கும். அந்த அம்மையார் கேட்டதும் நம் அனைவரின் கேள்வியே. ஆனால் நம்பிக்கு மட்டும் பிரிவுத் துயரம் இல்லையா? தம் படுக்கையின் உறுத்தலைக்கூடத் தன் உடலில் ஏற்ற மாணவனை அல்லவா அவர் கொடுத்திருந்தார்! அன்று கதவைத் திறந்திருந்தால் கோவிந்தர் பசியாறியிருப்பார். ஆனால் வாழ்நாள் முழுவதும் இரண்டு வாயில்களுக்கு இடையே அலைந்திருப்பார்.

கொடுத்தல் என்றால் என்ன?

தானத்திற்குத் தர்ம சாஸ்திரம் கூறும் இலக்கணத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன: பொருளின்மீது தனக்குள்ள உரிமையை விடுதல் ஒன்று, பிறர்க்கு அவ்வுரிமையை உண்டாக்குதல் மற்றொன்று. முதலாவது நிகழாமல் இரண்டாவது நிகழாது. பொருளைக் கைமாற்றிவிட்டு ‘என்னுடையது’ என்ற எண்ணத்தை வைத்துக்கொண்டால் அது தானமாகாது.

ஸ்ரீமத் பாகவதம் கூறும் ஒன்பது வகை பக்தியுள் இறுதியானது ஆத்ம நிவேதனம். அதற்கு உரை வகுத்த ஸ்ரீதர சுவாமியும் இதே உவமையைக் கையாள்கிறார். விற்றுவிட்ட பசுவையோ குதிரையையோ பராமரிக்கும் கவலை விற்றவனுக்கு இல்லாததுபோல, இறைவனுக்கு அர்ப்பணித்துவிட்ட உடலைப்பற்றிய கவலையும் அர்ப்பணித்தவனுக்கு இல்லை என்பது அதன் கருத்து. ஆகவே நம்பியின் சொல், கொடுத்தவர், கொடுக்கப்பட்டவர் ஆகிய இருவருக்கும் பொருந்தும் உபதேசம். தமக்கு இனி உரிமை இல்லை என்று நம்பி தமக்கும் சொல்லிக்கொண்டார்; நீ உனக்கும் உரியவன் அல்லன் என்று கோவிந்தருக்கும் உணர்த்தினார்.

கோவிந்தரிடம் தன்னலம் இல்லை. நரகத்திற்கும் அவர் துணிந்திருந்தார். ஆயினும் குருவின் அருகில் இருக்கும் இனிமை என்ற ஒன்று எஞ்சியிருந்தது. தூயதே ஆயினும் அதுவும் ஒரு பற்று. மூடிய கதவு அதையும் களைந்தது.

பரதன் சென்ற வழி

அந்த ஓராண்டு முழுவதும் ஓதப்பட்ட ராமாயணத்திலேயே இதற்கு விளக்கம் உண்டு. லட்சுமணன் ராமனைப் பிரியாமல் உடன்சென்று தொண்டு செய்தான். பரதனோ அண்ணனை அழைத்துவரச் சித்திரகூடம் சென்றான். அவரது விருப்பம் வேறாக இருக்கக் கண்டு, பாதுகைகளைச் சுமந்து திரும்பினான். பதினான்கு ஆண்டுகள் நந்திகிராமத்தில் பிரிவைத் தாங்கினான். அருகில் இருந்து தொண்டாற்றுவது உயர்ந்தது. தலைவன் வைத்த இடத்தில் இருப்பது அதனினும் அரியது.

கோவிந்தரே பின்னர் துறவேற்று எம்பார் என்ற பெயருடன் விளங்கினார். பராசர பட்டர் போன்ற பேரறிஞருக்கு ஆசாரியராகவும் ஆனார்.

நம் காலத்திற்கு அருகில்

ராமானுஜரின் வரலாற்றை வங்க மொழியில் எழுதியவர் சுவாமி ராமகிருஷ்ணானந்தர். 1886-இல் ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்தபின் வராகநகர், ஆலம்பஜார் மடங்களில் குருதேவரின் புனித அஸ்திக்கு நாள்தோறும் பூஜை செய்வதே அவரது வாழ்வாக இருந்தது. சகோதரத் துறவியர் தீர்த்த யாத்திரை சென்றபோதும் அவர் அந்தப் பூஜையறையை விட்டு அகலவில்லை. 1897-இல் சுவாமி விவேகானந்தர் அவரைச் சென்னைக்குச் செல்லுமாறு பணித்தார். அவர் மறுமொழி கூறாமல் புறப்பட்டார். கோவிந்தரின் பிரிவைப்பற்றி அவர் எழுதியபோது, அது அவர் வாழ்ந்து அறிந்த பாடமாகவும் இருந்தது.

நமக்கு உரிய பாடம்

மகனிடம் கடையை ஒப்படைத்த பின்னும் பெட்டிச் சாவியைத் தராத தந்தை உண்டு. மகளை மணம்செய்து கொடுத்த பின்னும் அவள் வீட்டை இங்கிருந்தே நடத்த முயலும் தாய் உண்டு. சங்கப் பொறுப்பிலிருந்து விலகிய பின்னும் ஒவ்வொரு முடிவிலும் தலையிடும் தொண்டர் உண்டு. அன்பு வேண்டாம் என்பதல்ல கருத்து. உரிமையை விட்டபின் எஞ்சுவதே தூய அன்பு.

திருமலைக்குச் செல்லும்போது நம் கவலைகளையும் மக்களையும் வாழ்வையும் இறைவனிடம் ஒப்படைப்பதாக வேண்டிக்கொள்கிறோம். மலையிறங்குவதற்குள் அவை அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டு விடுகிறோம். அடுத்த முறை செல்லும்போது ஒரே ஒரு கவலையையாவது உண்மையாகக் கொடுத்துவிட்டு வருவோம். ஊர் திரும்பியபின் அது நம் வாயிலில் வந்து நின்றால், திருமலை நம்பியை நினைத்துக்கொள்வோம்.