லாகின் ஆன பிறகு நின்றுபோகும் சிஸ்டம்: மோகனூரில் சர்வீஸ் தொடங்கியிருக்கும் தம்பிக்கு



நாமக்கல் பக்கம் மோகனூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டிருக்கிறீர்கள். இனி அடிக்கடி உங்கள் காதில் விழப்போகும் புகார் ஒன்று உண்டு: "ஆன் ஆகுதுங்க தம்பி, பாஸ்வேர்டு கேக்குது, போட்டு உள்ள போனா அப்படியே ஹேங் ஆயிருதுங்க." இதைக் கேட்டதும் கை தானாக ஓஎஸ் பென்டிரைவைத் தேடும். ஃபார்மட் அடித்து, விண்டோஸ் புதிதாகப் போட்டுச் சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். சிஸ்டம் எந்த நேரத்தில் நிற்கிறது என்பதை வந்தவரே சொல்லிவிட்டார். கோளாறு எங்கே இருக்கலாம், எங்கே இருக்க வாய்ப்புக் குறைவு என்பதற்கு அதைவிட நல்ல தடயம் உங்களுக்குக் கிடைக்காது. ஃபார்மட் அந்தத் தடயத்தைத்தான் முதலில் அழிக்கிறது.

பாஸ்வேர்டு கேட்கும் இடம் வரை ஒரு சிஸ்டம் வந்துவிட்டதென்றால், எஸ்எம்பிஎஸ் மின்சாரம் கொடுக்கிறது, பிராசஸரும் மதர்போர்டும் உயிரோடு இருக்கின்றன, ஹார்டுடிஸ்கில் விண்டோஸின் கெர்னல் இருக்கும் பகுதியைப் படிக்க முடிகிறது, முக்கியமான டிரைவர்கள் ஏறிவிட்டன, பின்னணியில் ஓடும் சர்வீஸ்களில் பெரும்பாலானவை கிளம்பிவிட்டன. பாஸ்வேர்டு கொடுத்த பிறகு நடப்பதெல்லாம் வேறு வகை வேலை. அந்த ஆளுக்கு உரிய புரொஃபைல் திறக்கிறது, அவருடைய செட்டிங்குகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி கோப்பு ஏற்றப்படுகிறது, எக்ஸ்ப்ளோரர் எழுந்து டெஸ்க்டாப்பையும் டாஸ்க்பாரையும் வரைகிறது, ஸ்டார்ட்அப் பட்டியலில் இருக்கும் பிரிண்டர் மென்பொருள், கிளவுட் சிங்க், ஆன்டிவைரஸின் திரைப்பகுதி, வாட்ஸ்அப் எல்லாம் ஒன்றாகக் கிளம்புகின்றன. ஆக, லாகின் திரை ஓர் எல்லைக்கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் சிஸ்டத்துக்கும் இந்தப் பக்கம் நிற்கும் சிஸ்டத்துக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியாது.

இது வெறும் ஏட்டுப் பாடம் இல்லை. 2016 ஆகஸ்டு 2-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு ஆனிவர்சரி அப்டேட் வந்தது. அதைப் போட்டவர்களில் சிலருக்கு லாகின் ஆனதும் சிஸ்டம் உறைந்தது. மைக்ரோசாஃப்ட் அதை ஒப்புக்கொண்டபோது இரண்டு விவரங்களைச் சொன்னது: விண்டோஸ் எஸ்எஸ்டியிலும், மென்பொருள்களும் கோப்புகளும் தனியாக இன்னொரு டிரைவிலும் இருக்கும் சிஸ்டங்களில்தான் இது வருகிறது, சேஃப் மோடில் வருவதில்லை. அந்த மாதக் கடைசியில் வந்த அப்டேட் அதைச் சரிசெய்தது. அந்த மூன்று நான்கு வாரங்களில் ஒருவர் ஃபார்மட் அடித்து, அதே பதிப்பைப் போட்டு, மென்பொருள்களைப் பழையபடி இரண்டாவது டிரைவிலேயே வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கோளாறு திரும்பி வருவதற்கான எல்லா நிபந்தனைகளையும் அவரே மறுபடி உண்டாக்கியிருப்பார். சேஃப் மோடில் ஒருமுறை ஏற்றிப் பார்த்தவருக்கோ டிஸ்கைப் படிக்க முடிகிறது, தரவைப் படியெடுத்துக்கொள்ளலாம் என்கிற நம்பிக்கை சில நிமிடங்களில் கிடைத்திருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 9-இல் வந்த விண்டோஸ் அப்டேட்டுகளுக்குப் பிறகு சோஃபோஸ், அவாஸ்ட், அவிரா, மெக்காஃபி முதலிய ஆன்டிவைரஸ்கள் இருந்த பல சிஸ்டங்கள் ஏறும்போதே உறைந்தன, அல்லது லாகின் திரையிலும் அதற்குப் பிறகும் நகராமல் நின்றன. விண்டோஸின் அடிப்படை அங்கமான சிஎஸ்ஆர்எஸ்எஸ்ஸில் செய்த மாற்றத்தால் இரண்டு தரப்பும் ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும் முட்டுக்கட்டை ஏற்படக்கூடும் என்று மெக்காஃபி விளக்கியது. சேஃப் மோடில் போய் ஆன்டிவைரஸ் சர்வீஸை நிறுத்திவிட்டு, சாதாரணமாக ஏற்றி, அந்த அப்டேட்டை நீக்குங்கள், பிறகு சர்வீஸை மறுபடி ஓடவிடுங்கள் என்று சோஃபோஸ் வழி சொன்னது. கெட்டுப்போன பொருள் என்று அங்கே எதுவுமே இல்லை. நல்ல நிலையில் இருந்த இரண்டு மென்பொருள்கள் சேர்ந்து ஓட முடியாமல் போனதுதான் விஷயம். 2024 ஜூலை 19-இல் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக்கின் தவறான கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் சாதனங்களை முடக்கி, நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுக்க வைத்ததே, அது கோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கோளாறு. லாகின் வரைக்கும் போகவே விடாமல் நீலத்திரை வந்தது. அதற்கும் தீர்வு சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை அழிப்பதாகத்தான் இருந்தது.

இதைப் படித்ததும் அனுபவசாலி ஒருவர் உங்களிடம் சொல்லக்கூடும்: "ஹார்டுவேர் கோளாறும் லாகினுக்கு அப்புறம்தானே தெரியுது? அப்ப உங்க எல்லைக்கோடு எங்க போச்சு?" இது வலுவான கேள்வி. நாமக்கல் பட்டறைக்காரர்கள் அறிந்த லாரிக் கதைதான் இது: காலி வண்டி நன்றாக ஓடும், லோடு ஏற்றி மேட்டில் விட்டால்தான் இன்ஜினின் குறை வெளியே வரும். லாகின் ஆனதும் ராம் நிரம்புகிறது, டிஸ்க் வேகமாகப் படிக்கிறது, கிராஃபிக்ஸ் டிரைவர் முழு வேலைக்கு இறங்குகிறது, சூடு ஏறுகிறது. பழுதான ராமும் வறண்டுபோன தெர்மல் பேஸ்டும் கோழித்தீவனத் தூசி அடைத்த ஃபேனும் அப்போது காட்டிக்கொடுக்கும். ஆகவே, சேஃப் மோடில் ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து மென்பொருள் கோளாறு என்று தீர்ப்பு எழுதக் கூடாது. சேஃப் மோடில் ஸ்டார்ட்அப் மென்பொருள் மட்டுமா இல்லாமல் போகிறது? டிரைவர்களும் குறைகின்றன, சுமையும் குறைகிறது.

மென்பொருள் கோளாறு, ஹார்டுவேர் கோளாறு இரண்டையும் பிரிக்க வழி உண்டு. லினக்ஸ் பென்டிரைவில் இருந்து ஏற்றி, அதில் வீடியோ ஓடவிட்டு, பெரிய கோப்புகளைத் திறந்து அரை மணி நேரம் வேலை வாங்குங்கள். சுமை இருக்கிறது, விண்டோஸ் இல்லை. அதிலும் உறைந்தால் ஹார்டுவேர் பக்கம் திரும்புங்கள், ராத்திரி முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடட்டும். உறையவில்லை என்றால் விண்டோஸின் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்புகள் இன்னும் சில வீடுகளில் இருக்கும். விண்டோஸோடு பாஸ் (BOSS) லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். யாரும் அழிக்காமல் விட்டிருந்தால் சோதனைக்கான லினக்ஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. கைக்கடிகாரத்தையும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் லாகினில் இருந்து ஏறக்குறைய அதே நொடியில் நின்றால், அந்த நேரத்தில் கிளம்பும் மென்பொருள் மேல் சந்தேகப்படலாம். ஒருமுறை இரண்டு நிமிடம், இன்னொரு முறை பத்து நிமிடம், சூடாக இருக்கும்போது இன்னும் சீக்கிரம் என்று மாறினால், சூடு, ராம், மின்சாரம் ஆகியவற்றைப் பாருங்கள்.

உறைந்துவிட்டது என்று அவர்கள் சொல்வதையும் உடைத்துப் பார்க்க வேண்டும். மவுஸ் அம்பு நகர்கிறதா? கேப்ஸ் லாக்கை அழுத்தினால் அதன் விளக்கு மாறுகிறதா? கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தினால் திரை மாறுகிறதா? மாறினால் விண்டோஸ் உயிரோடு இருக்கிறது, எக்ஸ்ப்ளோரரோ வேறு ஒன்றோதான் சிக்கியிருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று பார்க்கலாம். விளக்குகூட மாறவில்லை என்றால் டிரைவர் அல்லது ஹார்டுவேர் அளவிலான சிக்கலாக இருக்க வாய்ப்பு அதிகம். சேஃப் மோடில் இருந்தபடியே ஒரு புதிய யூசர் கணக்கு உண்டாக்கி, சாதாரணமாக ஏற்றி அதில் நுழைந்து பாருங்கள். அதில் ஓடி, பழைய கணக்கில் மட்டும் நின்றால் கோளாறு அந்தப் புரொஃபைலுக்குள் அடங்கிவிட்டது. ஃபார்மட்டுக்கு வேலையே இல்லை. இரண்டிலும் நின்றால், எம்எஸ்கான்ஃபிக்கில் மைக்ரோசாஃப்ட் அல்லாத சர்வீஸ்களை நிறுத்தி, பாதியை மட்டும் ஓடவிட்டு, அதிலும் பாதி என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். முப்பது சர்வீஸ் இருந்தாலும் ஐந்தாவது ரீஸ்டார்ட்டில் குற்றவாளி தனியாக நிற்கும்.

ஈவென்ட் வியூவரையும் திறக்கப் பழகுங்கள், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்த சிஸ்டத்தில் கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக நிற்கும். முறையாக அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அது பெரிதாக எதையும் சொல்வதில்லை. அதைப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் மாற்றக் கிளம்பாதீர்கள். அதற்கு முந்தைய சில நிமிடங்களைப் படியுங்கள். அங்கே டிஸ்க் தொடர்பான 7, 153, 129 ஆகிய ஈவென்ட் எண்களில் ஒன்று இருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தரவைக் காப்பாற்றும் வேலைக்குப் போங்கள்.

இந்த இடத்தில்தான் என் வாதம் முழுமையாக நிற்கிறது. கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டுடிஸ்குகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் ஸ்கேன் பிழை தெரிந்த டிஸ்க், பிழையே இல்லாத டிஸ்கைவிட அடுத்த 60 நாளுக்குள் செத்துப்போக 39 மடங்கு வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். அதே கட்டுரையில் இன்னொரு உண்மையும் இருக்கிறது: செத்துப்போன டிஸ்குகளில் 56 சதவீதத்துக்கு மேற்பட்டவை, வலுவான அறிகுறிகள் என்று கருதப்பட்ட நான்கு ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைப் பதிவு செய்யும்) எண்களில் எதையும் காட்டாமலேயே செத்தன. எண் மோசமாக இருந்தால் நம்புங்கள். நன்றாக இருந்தால் நம்பி அசந்துவிடாதீர்கள். எந்தச் சோதனைக்கும் முன்னால் தரவை வேறு டிஸ்குக்குப் படியெடுங்கள். சாகும் டிஸ்கின் மேல் விண்டோஸ் புதிதாகப் போடுவது, மிச்சமிருக்கும் ஆயுளையும் பல ஜிபி எழுத வைத்துக் கரைப்பதாகும். மேலே எழுதப்பட்ட கோப்புகளை அதன் பிறகு யாராலும் மீட்க முடியாது.

மோகனூர்ப் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் என்ன இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கோழிப்பண்ணையின் முட்டைக் கணக்கு, லாரியின் டிரிப் கணக்கு, சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பியதன் விவரம், பிள்ளையின் கல்லூரி புராஜெக்ட், இறந்துபோன பெரியவரின் புகைப்படங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி பதிவு பெற்றவர்கள் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியில் இருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். டாலியின் டேட்டா ஃபோல்டர் பல சிஸ்டங்களில் சி டிரைவிலேயே கிடக்கும். "டெஸ்க்டாப்ல இருக்கிறத மட்டும் எடுத்துட்டேங்க" என்று சொல்லி ஃபார்மட் அடித்தால், அந்தக் குடும்பம் இழந்ததை அறிவது அடுத்த நோட்டீஸ் வரும்போதுதான். புதிய விண்டோஸ் 11 சிஸ்டங்களில் டிரைவ் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். ரெகவரி கீ இல்லாமல் கழற்றினால் வேறு சிஸ்டத்தில் படிக்க வராது. பெரும்பாலும் அது உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், தொடும் முன்பே அவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரம் எங்கே இருக்கிறது, ஃபார்மட்டுக்குக் கொடுக்கும் காசைத்தானே கொடுக்கிறார்கள் என்பீர்கள். நியாயம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: விண்டோஸ் போட்டு, டிரைவர், ஆஃபீஸ், தமிழ் ஃபான்ட், பிரிண்டர், டாலி என்று எல்லாவற்றையும் பழையபடி கொண்டுவர ஆகும் நேரத்தில் ஒரு சிறு பங்குதான் நான் சொன்ன முதல் சோதனைகளுக்கு ஆகும். மெம்டெஸ்ட் ஓடும் ராத்திரியில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. கோளாறைக் கண்டுபிடிப்பதற்குத் தனியாகக் கூலி கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். என்ன பார்த்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று பில்லில் நான்கு வரி எழுதிக் கொடுத்தால் கொடுக்கிறவர் மறுக்க மாட்டார்.

ஃபார்மட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. வைரஸ் ஆழமாகப் புகுந்த சிஸ்டத்தில் எதை நம்புவது என்றே தெரியாது. அங்கே துடைத்துவிட்டுப் போடுவதுதான் சரி. 4 ஜிபி ராமும் பழைய ஹார்டுடிஸ்கும் வைத்து விண்டோஸ் 10 ஓட்டும் சிஸ்டம் லாகினுக்குப் பிறகு ஐந்து நிமிடம் திணறி, பிறகு ஓடுகிறதென்றால் அதை உறைவு என்று சொல்ல முடியாது, அது சக்திக்கு மீறிய வேலை. எஸ்எஸ்டிக்கு குளோன் எடுத்து மாற்றிக் கொடுத்தால் போதும், அவருடைய கோப்பு ஒன்றுகூட இடம் மாறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பழைய சிஸ்டங்களை வைத்திருப்பவர்களிடம் அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரிசெய்த பிறகு, உங்கள் மேஜையில் ஒருமுறை ஓடியதை வைத்துத் திருப்பிக் கொடுக்காதீர்கள். உரிமையாளரின் சொந்தக் கணக்கில், அவருடைய பிரிண்டரும் பென்டிரைவும் செருகிய நிலையில், முழுதாக அணைத்து மூன்று நான்கு முறை ஏற்றிப் பாருங்கள். ஷட்டவுன் கொடுத்தால் மட்டும் போதாது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பழைய கெர்னல் நிலையை வைத்துக்கொண்டே எழும். அதை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். முடிந்தால் அவர் வீட்டில், அவர் வழக்கமாகச் செருகும் அதே பிளக்கில், அந்த யூபிஎஸ்ஸோடு ஒருமுறை.

அன்புடன்,
உங்கள் தொழிலில் மூத்தவன்