சாயநீரும் மீனினமும்

நூலுக்கு நிறம் ஏற்றுவது நெசவாளர் தொழில். நீர் பாய்ச்சிப் பயிர் வளர்ப்பது உழவர் தொழில். இவ்விரண்டும் ஓர் ஆற்றங்கரையில் நடைபெறுமாயின், முன்னவர் கழித்த நீர் பின்னவர் வயலைச் சென்று அடைகிறது. இடையே ஆற்றில் வாழும் மீனோ, அந்நீரின் தன்மையை யாவர்க்கும் முன்னதாக உணர்ந்துவிடுகிறது. ஆகவே, சாயக்கழிவு மீனை எவ்வாறு தாக்குகிறது என்பதை நம் சங்க உறுப்பினர் இருசாராரும் அறிதல் நலம்.

தொட்டியிலிருந்து வெளியேறுவன

பருத்தி நூலில் வினைச்சாயம் பற்றுவதற்கு உப்பு தேவை. ஒரு கிலோ நூலுக்குப் பத்து லிட்டர் நீரும், லிட்டருக்கு 50 கிராம் உப்பும் எனக் கொண்டால், அரைக் கிலோ உப்பு செலவாகும். சாயத்தின் பெரும்பகுதி நூலில் தங்கும். உப்போ நூலோடு சேர்வதில்லை. முழுவதும் கழிவுநீரில் போய்விடும். நூலில் பற்றாத சாயம், காரம், வெளுப்புக்கு இட்ட குளோரின் ஆகியனவும் உடன் செல்லும்.

உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. மேற்சொன்ன சாயத்தொட்டி நீரிலோ உப்பு மட்டுமே 50,000 மில்லிகிராம் உள்ளது. அதன் ஒரு லிட்டரை விதிக்கு உட்படுத்த 23 லிட்டர் தூய நீர் கலந்தாக வேண்டும். கோடையில் வறண்டுகிடக்கும் ஆறு அந்நீருக்கு எங்கே போகும்?

மீனுக்கு நேர்வது

மீன் செவுள்களால் சுவாசிக்கிறது. குளோரின் சிறிதளவே ஆயினும் செவுளின் மெல்லிய தோலைப் புண்ணாக்கும். காரம் மிகுந்தால், சாக்கடை நீரிலுள்ள அம்மோனியா கொடிய நஞ்சாக மாறும். நிறம் சூரிய ஒளியை மறைப்பதால், நீர்ப்பாசிகள் உயிர்வளி தருவது குறையும். மீன்கள் பெருக லிட்டருக்கு 4 மில்லிகிராம் உயிர்வளியேனும் வேண்டும். உப்பு மிகுந்தாலோ நன்னீர் மீனின் உடல்நீர்ச் சமநிலை குலையும். முட்டையும் குஞ்சும் முதலில் அழியும். எனவே பெரிய மீன்கள் தென்படுவது கொண்டு ஆறு நலமாயுள்ளது எனக் கருதுதல் தவறு. குஞ்சுகள் உண்டா என்றே பார்த்தல் வேண்டும்.

நொய்யல் தந்த பாடம்

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர் நகரங்களைக் கடந்து காவிரியில் கலக்கிறது. பாசனத்திற்கென ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணை 1992இல் திறக்கப்பட்டது. திருப்பூரின் சாயக்கழிவு அங்கே தேங்கியது. மீனுக்கு ஆகாத நீர் பயிருக்கும் ஆகவில்லை. உப்பேறி நிலம் இறுகியது, கிணறுகளும் கெட்டன. ஆயக்கட்டு உழவர் நீதிமன்றத்தை நாடினர். ஆற்றில் கழிவே விடலாகாது என 2006இல் ஆணை பிறந்தது. அது நிறைவேறாமையால், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. உழவர் நிலம் இழந்தார். தொழிலாளர் வேலை இழந்தார். ஒருவர் கேடு மற்றவரை விட்டுவைக்கவில்லை.

செய்யத்தக்கவை

சுண்ணாம்பும் படிகாரமும் இட்டால் நிறம் தெளியலாம், உப்பு நீங்காது. தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. உப்பைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கலும் வேண்டும். இவற்றைத் தனியொரு பட்டறை தாங்காது. பலர் கூடிய சங்கமே தாங்கும். சாயத்தொட்டி நீரை அலசு நீரோடு கலவாமல் தனியே பிடித்தால் செலவு குறையும். மீட்ட உப்பை மறுபடியும் பயன்படுத்தலாம். இச்செலவைச் சாயக்கூலியில் சேர்க்காத சங்கம், அதனை உழவர் தலையில் ஏற்றுகிறது என்பதே பொருள்.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் நூலுக்குச் சாயமேற்றும் இடத்தின் கழிவுநீர் எங்கே செல்கிறது?
2. மாதந்தோறும் எத்தனை கிலோ உப்பு வாங்குகிறோம்? அதில் எவ்வளவு மீட்கப்படுகிறது?
3. நம் ஊர் ஓடையில் மீன்குஞ்சுகள் உள்ளனவா?