டிரை சம்ப் எஞ்சின்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பழைய புல்லட், டிரையம்ப், பி.எஸ்.ஏ., நார்ட்டன் முதலிய மோட்டார் சைக்கிள்களைப் பேணி வரும் அன்பர்களிடையே, அவற்றின் ஆயில் ஓட்டத்தைக் குறித்துச் சில தவறான அபிப்பிராயங்கள் வேரூன்றியிருக்கின்றன. அவற்றை நம்பிச் செய்யும் காரியங்களால் நல்ல எஞ்சின்கள் அநியாயமாகப் பழுதாவதால், அவற்றுள் நான்கை மட்டும் இங்கே பரிசீலிப்போம்.

நம்பிக்கை: தனியாக ஆயில் தொட்டி இல்லாத புல்லட், டிரை சம்ப் வண்டி அன்று.

உண்மை: ஆயிலை எஞ்சினின் அடியில் தேக்காமல் ஒரு தொட்டியில் வைத்துச் சுழற்றுவதே டிரை சம்ப் முறை. 1955 முதல் சென்னையில் உருவாகி வந்த, வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட பழைய புல்லட்டில், தொட்டியானது கிராங்க் கேஸின் பின்புறத்திலேயே ஓர் அறையாக வார்க்கப்பட்டிருக்கிறது. டைமிங் கவரின் முன்னும் பின்னும் உள்ள இரு சிறு மூடிகளைக் கழற்றினால் இரண்டு பம்புகளையும் கண்ணாரக் காணலாம்: ஒன்று தொட்டியிலிருந்து ஆயிலை எஞ்சினுக்குள் செலுத்துவது, மற்றொன்று, தன் பணியை முடித்து அடியில் வந்து சேரும் ஆயிலை வாரி மீண்டும் தொட்டிக்கு அனுப்புவது.

நம்பிக்கை: பல வாரங்கள் நின்ற வண்டியில் ஆயில் மட்டம் இறங்கியிருந்தால், குறைந்த அளவை உடனே ஊற்றிவிட வேண்டும்.

உண்மை: அந்த ஆயில் பெரும்பாலும் எங்கும் போய்விடவில்லை, மேலே நிற்கும் தொட்டியிலிருந்து பம்பின் நுண்ணிய இடைவெளிகளின் வழியே சிறிது சிறிதாகக் கசிந்து, கிராங்க் கேஸின் அடியில்தான் தேங்கியிருக்கிறது. இதை அறியாமல் புதிய ஆயிலை ஊற்றி வண்டியைக் கிளப்பினால், திரும்பு பம்பு அடியிலுள்ளதையெல்லாம் மேலே ஏற்ற, தொட்டி நிரம்பி வழிந்து, பிரீதர் குழாய் வழியாகத் தரையெல்லாம் ஆயிலாகும். தொட்டியில் ஓரளவேனும் ஆயில் இருக்குமானால், எஞ்சினைச் சில நிமிஷங்கள் ஓடவிட்டு, நிறுத்தியவுடன் மட்டம் பார்ப்பதே முறை. மட்டம் மிகவும் இறங்கியிருந்தாலோ, அடியிலுள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றித் தேங்கியதை வடித்துவிட்டு, தொட்டியை உரிய மட்டத்திற்கு நிரப்பிய பிறகே உதைக்க வேண்டும்.

நம்பிக்கை: தொட்டிக்குத் திரும்பும் ஆயில் விட்டு விட்டுக் காற்றோடு வந்தால் பம்பு கெட்டுவிட்டது.

உண்மை: அது பம்பின் ஆரோக்கியத்திற்கே அடையாளம். அடியில் ஆயில் தேங்காதிருக்கும்பொருட்டு, திரும்பு பம்பைச் செலுத்து பம்பைவிட அதிகக் கொள்ளளவுடன் அமைத்திருக்கிறார்கள். நார்ட்டனின் பம்பைப் பிரித்தால், திரும்பும் பக்கத்துப் பற்சக்கரங்கள் மற்றவற்றைவிட அகலமாயிருப்பதைக் காணலாம். அடியிலுள்ள ஆயில் தீர்ந்த கணங்களில் அது காற்றையே இழுக்கிறது. கிளப்பியவுடன் சிறிது நேரம் தொடர்ந்தும், பின்னர் விட்டு விட்டும் வருவது இயல்பே. ஒன்றுமே வராமலிருந்தால்தான் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும்.

நம்பிக்கை: தொட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே ஒரு குழாய்த் திருகு வைத்து மூடிவிட்டால் கசிவுத் தொல்லை ஒழிந்தது.

உண்மை: கசிவு ஒழிவது மெய்தான், ஆயினும் திறக்க மறந்து ஒருமுறை கிளப்பினால், ஆயில் கிட்டாத பிக்எண்ட் பேரிங் சிறிது தூரத்திலேயே எரிந்து, எஞ்சினை முழுவதும் பிரிக்கும் செலவு வந்து சேரும். திருகு மூடியிருக்கையில் இக்னிஷன் இணைப்பு கிடைக்காதபடி ஒரு சுவிட்சைப் பொருத்தாத எவரும் அத்திருகை வைக்கலாகாது. தேய்ந்த பம்பைச் சீர்செய்வதே நேரிய வழி.