பள்ளிக்கூடம் எவர் பொறுப்பு?

குடவாசல் வட்டாரத்துக் கழனிகளுக்குரிய காவிரி நீரை மேட்டூரில் திறப்பவர் ஒருவர். இடையில் மதகை இயக்குபவர் வேறொருவர். வயல் மடையைத் திறப்பவர் நாமே. பள்ளிக்கூட நிர்வாகமும் இவ்வாறே பல கைகளில் உள்ளது. எது எவர் பொறுப்பு என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும். இன்றேல், கூரைக்கான மனு மேசைக்கு மேசை அலைந்து, அடுத்த மழையும் வந்துவிடும்.

1950-இல் அரசியலமைப்பு அமலுக்கு வந்தபோது பள்ளிக் கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் இயற்றப்பட்ட 42-ஆவது திருத்தம், 1977 ஜனவரி 3 முதல் அதனைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றிற்று. அதாவது, இரு அரசுகளும் சட்டம் இயற்றலாம். முரண்பாடு நேரின் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். குடியரசுத் தலைவரின் இசைவு பெற்ற மாநிலச் சட்டத்திற்கு மட்டும் அம்மாநில அளவில் விலக்கு உண்டு.

இம்மாற்றம் சிற்றூர்க் குழந்தையையும் தொடுகிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எவரையும் அதே வகுப்பில் நிறுத்தலாகாது என்று 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் விதித்தது. 2019-இல் நாடாளுமன்றம் அதனைத் திருத்தி, 5, 8-ஆம் வகுப்புத் தேர்வுகளில் தேறாதவரை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடமளித்தது. தமிழக அரசும் பொதுத்தேர்வை அறிவித்து, 2020 பிப்ரவரியில் கைவிட்டது. கைவிட்டது நன்றே. பத்து வயதில் தோல்வியுற்ற கூலித் தொழிலாளியின் பிள்ளை, மறு ஆண்டும் அதே வகுப்பிற்கு வருமென்பது என்ன நிச்சயம்?

சட்டத்தைவிடப் பணத்தின் பிடி வலிது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டச் செலவில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம். மாநிலத்தின் பங்கு 40. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட உடன்படிக்கையில் தமிழகம் கையெழுத்திடாமையால், 2024-25-ஆம் ஆண்டுக்குரிய மத்தியப் பங்கு நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் மாநிலம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. நூறு ரூபாயில் அறுபது பிறர் கையில் இருக்கையில், பட்டியலில் உள்ள உரிமை எவ்வளவு தூரம் செல்லும்?

நிற்க, ஊராட்சிக்கு உள்ளது என்ன? 73-ஆவது திருத்தத்தால் சேர்ந்த பதினொன்றாம் அட்டவணையில் தொடக்க, இடைநிலைக் கல்வியும் உண்டு. ஆயினும் அதிகாரத்தை வழங்குவது மாநிலத்தின் விருப்பம். பள்ளியின் பெயர்ப்பலகை ஊராட்சி ஒன்றியத்தைச் சொல்லும். ஆசிரியர் நியமனமும் ஊதியமும் மாநில அரசினுடையவை. பள்ளி மேலாண்மைக் குழுவோ சட்டப்படி அமைவது. உறுப்பினருள் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடமுண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது இக்குழுவே. பிள்ளைகளின் எண்ணிக்கை, ஒழுகும் வகுப்பறை, குடிநீர், கழிப்பறை ஆகியவற்றின் நிலையை அதில் எழுத்தில் பதிந்து, ஒரு படியை வட்டாரக் கல்வி அலுவலரிடமும், கட்டடப் பழுது குறித்து மற்றொன்றை ஒன்றிய அலுவலகத்திலும் அளித்து, இரண்டிற்கும் ஒப்புகை பெறுதல் வேண்டும்.