எத்தனை கிலோமீட்டர் கூடினால் ஃபைன்?

போர்டில் 60 என்று போட்டிருந்தால் எத்தனை வரை போகலாம் என்பது பண்பொழி, செங்கோட்டை, தென்காசிப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் ஒருவரை ஒருவர் ஓயாமல் கேட்டுக்கொள்ளும் கேள்வி. 65 வரை கண்டுகொள்ள மாட்டார்கள் என்பார் ஒருவர். 70-ஐத் தாண்டினால்தான் கேமரா பிடிக்கும் என்பார் இன்னொருவர். இந்தச் சாலைகளில் ஓட்டிப் பழகியவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: அந்த ஐந்தையும் பத்தையும் நம்பி ஓட்டாதீர்கள். சட்டத்தில் அப்படி ஒரு சலுகை எழுதப்படவில்லை. போலீஸார் விட்டுக்கொடுப்பது இடத்துக்கு இடம், கருவிக்குக் கருவி மாறும். நமக்கு நிச்சயமாகக் கிடைக்கும் சலுகை நம் வண்டியின் மீட்டருக்குள்ளேயே இருக்கிறது, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு வேக வரம்பைப் பேசுகிறது, 183-ஆவது பிரிவு அதை மீறினால் என்ன தண்டனை என்கிறது. மீறினால் என்றுதான் அதில் இருக்கிறது, இத்தனை கிலோமீட்டர் மீறினால் என்று இல்லை. 2019 திருத்தத்தின்படி கார் போன்ற இலகுரக வாகனத்துக்கு 1000 முதல் 2000 ரூபாய், லாரி, பேருந்து வகைகளுக்கு 2000 முதல் 4000 ரூபாய். மறுபடியும் மாட்டினால் லைசென்ஸையே வாங்கி வைத்துக்கொள்ள இடமுண்டு. 60 வரம்புள்ள சாலையில் 63-ல் போனவருக்கும் 95-ல் போனவருக்கும் இந்தப் பிரிவு ஒன்றே. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஜெர்மனியில் மீறிய அளவு ஏற ஏற அபராதமும் ஏறுகிறது, நம் சட்டமும் அப்படி இருந்திருக்க வேண்டும். ஆனால் இருக்கிற சட்டத்தில் கொஞ்சமாக மீறியவருக்கென்று தனிக் கருணை கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. அதே 183-ஆவது பிரிவு ஓட்டுநருக்கு ஒரு பாதுகாப்பையும் தருகிறது: ஒரே ஒரு சாட்சி 'வேகமாக வந்ததுபோல் இருந்தது' என்று சொன்னால் மட்டும் தண்டிக்க முடியாது, அந்தக் கணிப்புக்கு ஒரு கருவியின் அளவீடு துணை நிற்க வேண்டும்.

சலுகை பற்றிய நம்பிக்கை இந்தக் கருவியிலிருந்துதான் பிறக்கிறது. எந்த அளவீட்டிலும் சிறு பிழை இருக்கும் என்பதால், ஜெர்மனியில் 100 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் பொதுவாக 3 கிலோமீட்டரைக் கழித்துவிட்டே கணக்கிடுகிறார்கள். பிரிட்டன் காவல்துறைத் தலைவர்களின் வழிகாட்டுதல் வரம்புக்கு மேல் பத்து விழுக்காட்டோடு இன்னும் 2 மைல் என்கிறது, அதாவது 30 மைல் சாலையில் 35. லண்டனில் இருக்கும் உறவினர் சொன்னார் என்று அந்தக் கணக்கை இங்கே கொண்டுவருபவர்கள், அது போலீஸாருக்கான வழிகாட்டுதல் என்பதை விட்டுவிடுகிறார்கள். 31-லேயே வழக்குப் போட அங்கேயும் சட்டத்தில் தடையில்லை.

மீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஐ.நா.வின் 39-ஆம் வாகன ஒழுங்குவிதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கிலோமீட்டரும் வரை. வண்டி 60-ல் ஓடும்போது முள் 70-ஐக் காட்டினாலும் அது விதிக்குள் அடக்கம். எனவே முள் 60-ல் நிற்கும்போது வண்டி பெரும்பாலும் அதற்குக் கீழேதான் ஓடுகிறது. மீட்டரைப் பார்த்து ஓட்டுபவர் கேமராவுக்குப் பயப்பட வேண்டியதே இல்லை. ஃபோனில் ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்த்து, 'மீட்டர் கூட்டிக் காட்டுகிறது, இன்னும் அழுத்தலாம்' என்று நினைப்பவர்தான் அந்த இடைவெளியைத் தின்றுவிட்டு விளிம்பில் போய் நிற்கிறார். பெரிய அளவு டயர் மாற்றியவர்கள் தனியாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும், அப்போது மீட்டர் குறைத்தே காட்டக்கூடும்.

'ஐந்து, பத்து கூடினால் என்ன ஆகிவிடும், ஃபைன் வாங்கத்தான் இதெல்லாம்' என்பது அடிக்கடி கேட்கும் வாதம். கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், நல்ல காய்ந்த சாலையில் 50-ல் வரும் கார் ஏறத்தாழ 28 மீட்டரில் நின்றுவிடும். 60-ல் வரும் கார் அதே 28-ஆவது மீட்டரில் இன்னும் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். குழந்தை குறுக்கே வந்தது அந்த இடம் என்றால் ஒரு கார் அதைத் தொடவே இல்லை, இன்னொரு கார் அதை 40-ல் இடிக்கிறது. சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு நான்கு விழுக்காடு கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குற்றாலச் சீசனில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் விடாமல் விழும் நாட்களில், வண்டி நிற்கும் தூரம் இன்னும் நீளும். வெளியூர் வேன்கள் அப்போதுதான் இங்கே குவிகின்றன. செங்கோட்டையிலிருந்து பண்பொழி வழியாக வடகரை போகும் சாலை ஊருக்குள் புகுந்து போகிறது. திருமலைக் கோயிலுக்குப் போகிறவர்களும் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் மாடுகளும் அதே தாரில்தான்.

வரம்பே அநியாயமாகக் குறைவாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. சென்னையில் 2023 ஜூனில் பகலில் 40 கிலோமீட்டரைத் தாண்டினால் கருவி வைத்துப் பிடிக்கத் தொடங்கியபோது மக்கள் எதிர்த்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லாவற்றுக்கும் 30 என்று மாற்றினார்கள். தவறான வரம்பை அப்படித்தான் திருத்த வேண்டும். போர்டு 40 என்றும் ஓட்டுவது 55 என்றும் இருந்தால், எந்தப் போர்டையும் யாரும் நம்பாத நிலை வந்துவிடும், பள்ளிக்கூடத்து முன்னால் இருக்கும் போர்டையும்.

எல்லாரும் வேகமாகப் போகும்போது நான் மட்டும் மெதுவாகப் போனால் பின்னால் வருபவன் இடிப்பான் என்ற பயத்துக்கு, இடது ஓரம் பிடித்து அவரை முந்தவிடுவதே போதும். திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் பாரம் ஏற்றிய லாரிகளே மெதுவாகத்தான் ஏறுகின்றன.

புளியரையைத் தாண்டி ஆரியங்காவுக்குள் இறங்கினால் கணக்கு மாறிவிடும். கேரளத்தில் 2023 ஜூலை முதல் கார்களுக்குச் சாதாரண தேசிய நெடுஞ்சாலையில் 90, மாநில நெடுஞ்சாலையில் 80, மற்ற சாலைகளில் 70, நகரத்துக்குள் 50. இருசக்கர வாகனத்தின் உச்ச வரம்பை 70-லிருந்து 60-க்குக் குறைத்துவிட்டார்கள். சபரிமலைக்குப் போகிறவர்கள் இங்குள்ள பழக்கத்தை அங்கே கொண்டுபோகாமல் சாலையோரப் போர்டைப் பார்த்து ஓட்டுவது நல்லது.

கேமரா வழியாக செலான் வந்துவிட்டால் உடனே பணம் கட்டாமல் அதைப் படித்துப் பாருங்கள். 2021-இல் வந்த 167ஏ விதிப்படி, சம்பவம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். வண்டி எண் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும். கண்காணிப்பு இருப்பதைச் சொல்லும் எச்சரிக்கைப் பலகையும் அந்தச் சாலையில் வைத்திருக்க வேண்டும். இவற்றில் குறை இருந்தால் பரிவாகன் இ-செலான் தளத்திலேயே புகார் பதியலாம், நீதிமன்றத்திலும் வாதாடலாம். விற்றுவிட்ட வண்டியின் ஆர்.சி. இன்னும் உங்கள் பெயரில் இருந்தால், வாங்கியவர் ஓட்டிய வேகத்துக்கும் செலான் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிடுங்கள்.