பூட்டுப் போட்ட டிஃபென்ஸை உடைக்க 14 குறிப்புகள்

ஃபிஃபா என்ற பெயரில் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்த ஆட்டம் 2023-இல் ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி. ஆகிவிட்டது. அதன் பழைய போட்டியாளரான பி.இ.எஸ். 2021-இலேயே இ-ஃபுட்பால் ஆகிவிட்டது. பெயர்கள் மாறினாலும் ஒரு தலைவலி மட்டும் மாறவில்லை. எதிராளி தன் ஆட்களை எல்லாம் பெனால்டி பாக்ஸுக்கு முன்னால் குவித்துவிட்டு, நாம் எப்போது பந்தை இழப்போம் என்று காத்திருப்பார். அப்படி ஆடுபவரைத் திட்டிப் பயனில்லை. அதுவும் ஒரு ஆட்டமுறைதான், உடைக்க வழிகளும் உண்டு. கீழே சொல்லும் பட்டன்கள் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரில் எஃப்.சி. ஆடுபவர்களுக்கானவை. இ-ஃபுட்பால் ஆடுபவர்களும் செல்போனில் ஆடுபவர்களும் யோசனையை எடுத்துக்கொண்டு பட்டனை மாற்றிக்கொள்ளுங்கள்.

1. எதிராளி எந்த நேரத்திலும் ஓட்டுவது ஒரே ஒரு ஆட்டக்காரரைத்தான். மீதிப் பத்துப் பேரைக் கணினி ஓட்டுகிறது. ஆகவே பலமான டிஃபென்ஸ் என்று நாம் மலைத்துப்போவதில் பெரும்பகுதி, இடம் தவறாமல் நிற்கும் கணினியின் வேலை. அந்த ஒழுங்கைக் கெடுக்கக்கூடியவர் எதிராளி மட்டும்தான். அவர் ஓட்டும் ஆளின் தலைக்கு மேல் ஒரு குறி தெரியும், அதைக் கவனியுங்கள். தேர்ந்தவர்கள் பெரும்பாலும் டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்டரை ஓட்டி, நடுவில் வரும் பாஸ்களை மறிப்பார்கள். சென்டர் பேக்கைத் தொடவே மாட்டார்கள். அவசரக்காரர்கள் சென்டர் பேக்கையே இழுத்துக்கொண்டு பந்தின் மேல் பாய்வார்கள். உங்கள் எதிரில் இருப்பவர் எந்த ரகம் என்பதை முதல் பத்து நிமிட ஆட்டத்துக்குள் கண்டுபிடித்துவிடுங்கள். இனி வரும் குறிப்புகள் எல்லாமே இதை நம்பித்தான் இருக்கின்றன: அவர் ஓட்டும் ஆள் இடம் பெயர வேண்டும், அந்த ஆள் விட்டு வந்த இடத்துக்குப் பந்து போக வேண்டும்.

2. ஆர்2 பட்டனிலிருந்து விரலை எடுங்கள். ஸ்பிரின்ட் அழுத்தி ஓடும்போது ஒவ்வொரு தொடுதலிலும் பந்து காலை விட்டு விலகிப்போகும், திரும்புவதற்கும் நேரம் பிடிக்கும். முன்னால் வெட்டவெளி இருந்தால் பரவாயில்லை. எட்டுப் பேர் நிற்கும் இடத்தில் அப்படி ஓடுவது பந்தைத் தானம் செய்வதற்குச் சமம். இடது ஸ்டிக்கை மட்டும் வைத்து மெதுவாக நகருங்கள். யாராவது நெருங்கினால் எல்2-ஐப் பிடித்து உடம்பால் பந்தை மறையுங்கள். கடைசி டிஃபென்டரைத் தாண்டும் அந்த நாலு அடிக்குத்தான் ஸ்பிரின்ட்.

3. பொறுமை வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெறும் பொறுமை போதாது. 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவுக்கு எதிராக ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள் போட்டது. ரஷ்யா ஐந்து டிஃபென்டர்களை நிறுத்திக் கதவைச் சாத்தியது. ஸ்பெயின் கணக்கில் ஏறிய ஒரே கோலும் ரஷ்யாவின் இக்னாஷெவிச் உடம்பில் பட்டுப் போன சுய கோல். ஆட்டம் 1-1 என்று முடிய, பெனால்டி ஷூட்அவுட்டில் ஸ்பெயின் வெளியேறியது. நாலு வருடம் கழித்துக் கத்தாரில் மொராக்கோவிடமும் அதே கதை. அந்தச் சுய கோல்கூடக் கிடைக்கவில்லை.

பந்தைப் பக்கவாட்டிலேயே தட்டிக்கொண்டிருந்தால் டிஃபென்ஸும் வரிசை குலையாமல் இடமும் வலமும் நகர்ந்துகொண்டிருக்கும். இரண்டு மூன்று பாஸ் அப்படிப் போனால், அடுத்தது எதிராளியின் மிட்ஃபீல்டு வரிசையைக் கிழித்துக்கொண்டு முன்னே போக வேண்டும். ஆர்1-ஐப் பிடித்துக்கொண்டு எக்ஸ் அழுத்தினால் விசையான தரைப் பாஸ் போகும். மிட்ஃபீல்டுக்கும் டிஃபென்ஸுக்கும் இடையில் நிற்கும் உங்கள் ஆளுக்கு அதை அனுப்புங்கள். வாங்குபவருக்கு பால் கன்ட்ரோல் குறைவு என்றால் அந்த வேகத்தில் பந்து எகிறிவிடும். அந்த இடத்தில் யாரை நிறுத்துகிறோம் என்பது முக்கியம்.

4. எதிராளி ஆர்1-ஐப் பிடித்து இரண்டாவது ஆளையும் உங்கள் மேல் ஏவுகிறாரா? நல்லது. பந்தின் மேல் இரண்டு பேர் வந்தால் உங்கள் ஆள் ஒருவர் எங்கோ சும்மா நிற்கிறார் என்று பொருள். பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆள் கிளம்பி வந்த திசையிலேயே இருப்பார். பயந்துபோய்ப் பந்தைக் கோல்கீப்பருக்குத் தட்டாமல் அந்தத் திசையைப் பாருங்கள்.

5. எல்1-ஐப் பிடித்துக்கொண்டு எக்ஸ் அழுத்தினால் பாஸ் கொடுத்தவர் நிற்காமல் முன்னே ஓடுவார். ஒன்-டூ என்பது இதுதான், எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஓடுகிறவருக்கே பந்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அவரோடு ஒரு டிஃபென்டரும் ஓடியிருப்பார். அந்த டிஃபென்டர் விட்டுப்போன வழியில் பந்தோடு நீங்களே நுழையலாம். இரண்டு முறை இப்படிச் செய்தால் மூன்றாவது முறை எதிராளி ஓடுகிறவரை விட்டுவிட்டு உங்களைப் பிடிக்க வருவார். அப்போது கொடுங்கள்.

6. எல்1-ஐ லேசாகத் தட்டினால் அருகிலிருக்கும் உங்கள் ஆள் முன்னோக்கி ஓடத் தொடங்குவார். தட்டிய கையோடு த்ரூ பால் போடுவதுதான் பலருடைய பழக்கம். அவர் ஓடி, டிஃபென்டர் திரும்பி, இருவருக்கும் நடுவே இடைவெளி விழும்வரை ஒரு நொடி பொறுங்கள். அதற்கு மேல் பொறுத்தால் ஆஃப்சைடு. இன்னொன்று: டிஃபென்ஸ் பாக்ஸின் ஓரத்திலேயே நிற்கும்போது அதன் பின்னால் இருப்பவர் கோல்கீப்பர் மட்டும்தான். அந்த நேரத்தில் எல்1-ஐயும் முக்கோணத்தையும் அழுத்தித் தூக்கி விடும் பந்து நேரே அவர் கைக்குப் போகும். தூக்கிப்போடும் த்ரூ பாலை, டிஃபென்ஸ் மைதானத்தின் நடுவரை ஏறி வருபவர்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

7. ஸ்ட்ரைக்கரை இறக்கிப் பாருங்கள். 2009 மே 2 அன்று மாட்ரிட்டில், பார்சிலோனா பயிற்சியாளர் குவார்டியோலா மெஸ்ஸியை வலது ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து, ஸ்ட்ரைக்கர் இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்றுப் பின்னால் நிறுத்தினார். ரியல் மாட்ரிட்டின் சென்டர் பேக்குகளான கன்னவாரோவுக்கும் மெட்ஸெல்டருக்கும் அவரைத் தொடர்ந்து வருவதா, இடத்திலேயே நிற்பதா என்று கடைசிவரை பிடிபடவில்லை. பார்சிலோனாவுக்கு 6-2 வெற்றி. மெஸ்ஸி இரண்டு கோல், ஆன்ரி இரண்டு கோல்.

ஆட்டத்திலும் ஸ்ட்ரைக்கருக்கு ஃபால்ஸ் நைன் பொறுப்பைக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் ஆர்1-ஐத் தட்டி அருகில் அழைக்கலாம். சென்டர் பேக் கூடவே வந்தால் பின்னால் ஓட்டை விழும், விங்கர் அதில் நுழைவார். வராவிட்டால் ஸ்ட்ரைக்கருக்குத் திரும்பிப் பார்த்து அடிக்க நேரம் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: ஓட்டைக்குள் ஓட இரண்டு வேகமான விங்கர்கள் இல்லையென்றால் இந்த ஏற்பாடு வெறும் அலங்காரம். இ-ஃபுட்பாலில் இதற்குத் தோதான ஜோடி, டிஃபென்டர்களை இழுத்துக்கொண்டு போகும் டம்மி ரன்னரும் அந்த இடத்தில் பாயும் ஹோல் பிளேயரும். கோல் போச்சர் கடைசி டிஃபென்டரின் தோளை ஒட்டியே திரிகிற ஆள். பூட்டுப் போட்ட டிஃபென்ஸுக்கு எதிராக அவரை வைத்திருப்பது வீண் என்பது என் கட்சி.

8. எதிராளி நாலு டிஃபென்டர்களை நெருக்கமாக நிறுத்தினால் உங்கள் விங்கர்கள் கோட்டை ஒட்டி நிற்கட்டும். ஒரு பக்கம் நாலைந்து பாஸ் போட்டுக் கூட்டம் சேர்த்துவிட்டு, சட்டென்று எதிர்ப்பக்கத்துக்கு நீளமாக அனுப்புங்கள். ஐந்து டிஃபென்டர்கள் என்றால் ஓரங்களில் ஏற்கெனவே ஆள் இருப்பார். அங்கே போய் முட்டுவதைவிட, நடுவில் மூன்று பேரைச் சேர்த்துக் குட்டிக் குட்டி பாஸ்களால் குடைவது மேல்.

9. இத்தனையிலும் அதிகம் பலிப்பது கட்-பேக். பாக்ஸின் ஓரமாகக் கோல் கோடுவரை போய், அங்கிருந்து பந்தைப் பின்னோக்கி, ஓடி வருபவருக்குத் தள்ளுவது. கணினி ஓட்டும் டிஃபென்டர்கள் பந்து கோல் கோட்டை நெருங்கினால் கோலைக் காக்கப் பின்வாங்குவார்கள். அப்போது பெனால்டி புள்ளியிலிருந்து பாக்ஸின் விளிம்புவரை காலியாகிவிடும்.

நிஜ மைதானத்தில் இதற்கு அருமையான சாட்சி 1967 மே 25 அன்று லிஸ்பனில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி. ஹெலெனியோ ஹெரேராவின் இன்டர் மிலான் டிஃபென்ஸுக்குப் பேர்போன அணி. 7-வது நிமிடத்தில் பெனால்டியில் ஒரு கோல் போட்டுவிட்டுப் பின்னால் போய் அமர்ந்துகொண்டது. ஸ்காட்லாந்தின் செல்டிக் ஒரு மணி நேரம் முட்டியது. பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டது, கோல்கீப்பர் சார்ட்டி கையில் பட்டது, வலைக்குள் மட்டும் போகவில்லை. 63-வது நிமிடத்தில் ரைட் பேக் கிரெய்க் பந்தைப் பின்னோக்கித் தள்ள, ஓடி வந்த லெஃப்ட் பேக் ஜெம்மல் பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்தார், கோல். 84-வது நிமிடத்தில் அதே ஜெம்மல் பின்னோக்கிக் கொடுத்த பந்தை மர்டாக் அடிக்க, சால்மர்ஸ் அதைக் கோலுக்குள் திருப்பிவிட்டார். 2-1. பூட்டு உடைந்த இரண்டு தடவையும் பந்து முதலில் பின்னால்தான் போனது. முதல் கோலைக் கொடுத்தவரும் அடித்தவரும் டிஃபென்டர்கள் என்பதையும் பாருங்கள். இன்டரின் ஆட்கள் காவல் காத்தது வேறு யாரையோ.

கோல் கோட்டருகே போனதும் சதுரத்தை அழுத்தி கிராஸ் போடக் கை துறுதுறுக்கும். வேண்டாம், எக்ஸ் போதும். முதல் கம்பத்தருகே நிற்பவரை விட்டுவிட்டு, பின்னாலிருந்து வருபவரைப் பார்த்துக் கொடுங்கள். இப்படிப் போடுவதை ஸ்வெட்டி கோல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஸ்கோர்போர்டு சுளிக்காது.

10. தலையால் முட்டும் உயரமான ஸ்ட்ரைக்கர் இருந்தால் மட்டும் உயரமான கிராஸ். குள்ளமான ஸ்ட்ரைக்கரை வைத்துக்கொண்டு அதைப் போடவே வேண்டாம்.

11. டிஃபென்டர்கள் பாக்ஸுக்குள் ஒடுங்கினால் வெளியிலிருந்து அடியுங்கள். ஆர்1-ஐப் பிடித்துக்கொண்டு வட்டத்தை அழுத்தினால் பந்து வளைந்து தூரக் கம்பத்தை நோக்கிப் போகும். இடதுகால் ஆட்டக்காரரை வலது ஓரத்தில் நிறுத்துங்கள். அப்படி நின்று, உள்ளே வெட்டி வந்து அடித்தே ஆர்யன் ராபென் வாழ்நாள் முழுக்கப் பிழைத்தார். அடுத்து என்ன செய்வார் என்று எல்லா டிஃபென்டர்களுக்கும் தெரியும், இருந்தும் கோல் விழுந்தது. ஒன்றிரண்டு ஷாட் அப்படிப் போன பிறகு எதிராளி மறிக்க முன்னே பாய்வார். அந்த நேரத்தில் வட்டத்தை அழுத்தி உடனே எக்ஸ் அழுத்தினால் அடிப்பதுபோல் பாவனை காட்டி ஆள் திரும்புவார். பாய்ந்தவர் அந்தப் பக்கம் போய்விடுவார், உங்களுக்கு வழி திறக்கும்.

12. த்ரோ-இன், கார்னர், கோல் கிக் மூன்றிலும் நேரடியாகப் பந்தை வாங்குபவருக்கு ஆஃப்சைடு கிடையாது. நிஜக் கால்பந்தின் சட்டம்தான், ஆட்டத்திலும் அப்படியே. எதிராளியின் பாதியில் த்ரோ-இன் கிடைத்தால் அவர் ஆட்கள் ஒழுங்காக நிற்பதற்குள் சட்டென்று எறியுங்கள். கார்னரை எப்போதும் கூட்டத்துக்குள் தூக்கிப் போடாமல், சில சமயம் அருகில் வருபவருக்குக் கொடுத்து ஒரு டிஃபென்டரை வெளியே இழுங்கள்.

13. பின்னால் பூட்டிக்கொண்டு ஆடுபவரின் ஆயுதமே கவுன்டர் அட்டாக். உங்கள் ஆட்கள் அத்தனை பேரும் முன்னே போவதற்காகத்தான் அவர் காத்திருக்கிறார். இரண்டு சென்டர் பேக்குகளோடு டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்டரையும் பின்னாலேயே நிற்கச் சொல்லுங்கள். ஃபுல் பேக்குகளில் ஒருவர் ஏறினால் மற்றவர் இருக்கட்டும். செல்டிக்கின் இரண்டு ஃபுல் பேக்குகளும் ஏறினார்களே என்று கேட்கலாம். அவர்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். உங்களுக்கும் அந்த நிலை வந்து, ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தால் ஏற்றிவிடுங்கள்.

14. எப்பேர்ப்பட்ட டிஃபென்ஸும் ஒழுங்கில்லாமல் இருக்கும் நேரம் ஒன்று உண்டு: எதிராளி பந்தை இழந்த அடுத்த சில நொடிகள். அவருடைய ஆட்கள் கவுன்டருக்காக முன்னே ஓடியிருப்பார்கள். அந்த நேரத்தில் பந்தை வாங்கிப் பின்னால் தட்டி மூச்சு விடாதீர்கள். முதல் பாஸே முன்னால் போகட்டும். ஸ்பிரின்ட் பட்டனுக்கும் அப்போது முழு வேலை கொடுங்கள். அப்படி ஒரு கோல் விழுந்துவிட்டால், பின்னால் உட்கார்ந்திருந்தவர் சமன் செய்ய எழுந்து வந்தே ஆக வேண்டும். ஆறாவது குறிப்பில் எடுத்து வைக்கச் சொன்ன தூக்கிப்போடும் த்ரூ பாலை அப்போது எடுங்கள்.

பதினான்கையும் ஒரே நாளில் பழக முடியாது. இரண்டாவதையும் ஒன்பதாவதையும் மட்டும் எடுத்துக்கொண்டு, லெஜண்டரி நிலையில் கணினியோடு சில ஆட்டம் ஆடிப் பழகிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.